ஒரு டிரைவர், இரண்டு போன்

வாடகைக் கார் ஓட்டுகிறவரின் முன்னால் இரண்டு போன் மாட்டியிருக்கும். இரண்டிலும் வெவ்வேறு கம்பெனியின் ஆப் திறந்திருக்கும். ஒன்றில் அழைப்பு மணி அடிக்கிறது. தூரத்தையும் தொகையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்கிறார். கை அப்படியே அடுத்த போனுக்குப் போகிறது. கட்டைவிரலால் ஒரு இழுப்பு, அந்த ஆப் 'ஆஃப்லைன்' ஆகிவிடுகிறது. பயணியை இறக்கப் போகும் கடைசித் திருப்பத்தில் இன்னொரு இழுப்பு, மறுபடி 'ஆன்லைன்'. எல்லாம் சேர்த்து மூன்று நொடி வேலை. அந்த மூன்று நொடியை நிறுத்த முடியாமல்தான் சவாரி ஆப் நிறுவனங்கள் கோடிக்கணக்கான டாலரை போனஸாகவும் டிஸ்கவுண்டாகவும் கொட்டிக்கொண்டே இருந்தன.

இணையத் தளத் தொழிலைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து விழுகிறது. ஆள் சேரச் சேர மதிப்பு கூடும், மதிப்பு கூடக் கூட இன்னும் ஆள் சேரும், அதனால் முதலில் பெரிதாகிறவர் மொத்தத்தையும் அள்ளிக்கொள்வார். இதற்கு நெட்வொர்க் எஃபெக்ட் என்று பெயர். சொல்லிவிட்டால் போதும், அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. எனக்கு இந்த வாக்கியம் பல வருடமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. பொய் என்று தள்ளவும் முடியவில்லை, அப்படியே ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தை நியூஸ் கார்ப்பரேஷன் 2005-இல் 58 கோடி டாலருக்கு வாங்கியபோது அதற்கு இருந்த கூட்டம் ஃபேஸ்புக்குக்கு இல்லை. 2011-இல் அதே மைஸ்பேஸ் சுமார் மூன்றரைக் கோடி டாலருக்குக் கைமாறியது. கூட்டம் மட்டுமே அரண் என்றால் இப்படி நடந்திருக்க முடியாது.

உங்களிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை எனக்கு இரண்டாம்பட்சம். அதே ஆள் அதே நாளில் உங்கள் போட்டியாளரிடமும் இருப்பதற்கு எவ்வளவு மெனக்கெட வேண்டும்? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். துறையில் இதற்கு மல்டி-ஹோமிங் என்று பெயர். நம் பேச்சில் இரட்டைக் குதிரை சவாரி. டிரைவருக்கு அது மூன்று நொடி. கிட்டங்கியில் ஆயிரம் பெட்டிச் சரக்கை அடுக்கி வைத்திருக்கும் விற்பனையாளருக்கு அது மூன்று வாரம். கையில் காசும் நல்ல ஆப்பும் உள்ள இரண்டு கம்பெனிகளின் கதி வேறு வேறாகப் போவதற்கு இந்த வித்தியாசமே பெரும்பாலும் காரணம்.

நாலு மடங்கு சேர்த்தால் பாதி நேரம்

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒரு காலி வண்டி என்ற அளவில் வண்டிகள் அங்கங்கே சிதறி நிற்கின்றன. அப்போது பயணிக்கு மிக அருகில் உள்ள வண்டி சராசரியாக 500 மீட்டர் தூரத்தில் இருக்கும். வண்டிகளை நான்காக்கினால் அந்தத் தூரம் 250 மீட்டர். பதினாறாக்கினால் 125 மீட்டர். இது நேர்கோட்டுத் தூரம். தெரு வளைவுகளைச் சேர்த்தால் மீட்டர் கூடும், ஆனால் விகிதம் மாறாது. தூரம் பாதியாக வண்டி நாலு மடங்காக வேண்டும். நெரிசலில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் 500 மீட்டருக்கு 2 நிமிடம், 250-க்கு 1 நிமிடம், 125-க்கு அரை நிமிடம்.

இதில் யாருக்கு லாபம் என்று பாருங்கள். முதல் மூன்று வண்டிகளைச் சேர்த்ததில் பயணிக்கு ஒரு நிமிடம் மிச்சம். அதற்குப் பிறகு 12 வண்டிகளைச் சேர்த்ததில் மிச்சம் வெறும் 30 நொடி. 16 வண்டி வைத்திருக்கும் பெரிய கம்பெனியைவிட 4 வண்டி வைத்திருக்கும் புதிய கம்பெனி அரை நிமிடம்தான் பின்தங்கியிருக்கிறது. டிஸ்கவுண்ட் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தால் அந்த அரை நிமிடத்தைப் பயணி கண்டுகொள்ளமாட்டார். இதற்கிடையில் அந்த 12 கூடுதல் வண்டிகளும் காலியாக நின்றால்தான் இந்தக் கணக்கே நிற்கும். காலியாக நிற்கிற டிரைவருக்கு வருமானம் இல்லை. வருமானம் குறைந்தால் இரண்டாவது போனை மாட்டுவார். பெரிய கம்பெனி தன் அளவைக் கூட்டக் கூட, எதிராளிக்கு டிரைவர்களைத் தானே தயார் செய்து அனுப்புகிறது.

எதிராளி அந்த 4 வண்டிகளைப் புதிதாகத் தேடிப் பிடிக்க வேண்டியதும் இல்லை. உங்கள் 16 வண்டிகளில் நான்குதான் அவருடைய மேப்பிலும் நிற்கின்றன. ஓட்டுநர் உரிமத்தைச் சரிபார்த்து, ஆப்பைச் சொல்லிக்கொடுத்து, தப்புச் செய்கிறவர்களை வடிகட்டி நீங்கள் சேர்த்த ஆள். எதிராளிக்கு ஆன செலவு ஒரு சேர்க்கை போனஸ்.

எல்லாத் தளங்களிலும் இப்படி இல்லை. பயணிக்கு எந்தக் காரும் ஒன்றுதான், நாலு சக்கரம் இருந்தால் போதும். பழைய கேமராவுக்கு உதிரிபாகம் தேடுகிறவருக்கு அப்படி இல்லை. அவருக்கு அந்த மாடல், அந்த வருடம், அந்த லென்ஸ் வளையம் வேண்டும். பத்தாயிரமாவது விற்பனையாளர் வந்து சேரும்போதுகூட, அதுவரை கிடைக்காத ஒரு பொருள் வந்து சேர வாய்ப்பு இருக்கிறது. அதனால் அங்கே கூட்டத்தின் மதிப்பு சீக்கிரம் தேய்வதில்லை. உங்கள் தளத்தில் ஒருவர் இடத்தில் இன்னொருவர் வந்தால் வாங்குகிறவர் கவனிப்பாரா? கவனிக்கமாட்டார் என்றால் நெட்வொர்க் எஃபெக்ட் ஓரளவுக்குமேல் உங்களுக்கு உதவாது. அந்த அளவு எங்கே என்பதைக் கணக்கிட்டுத் தெரிந்துகொள்ள முடியும். பயணி காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு நிமிடமாகப் பிரித்து, எத்தனை சதவீதம் பேர் கேன்சல் செய்தார்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். கோடு எங்கே தட்டையாகிறதோ அங்கே உங்கள் அளவின் பலன் முடிந்துவிட்டது. அதைத் தாண்டி டிரைவர் சேர்க்கக் கொடுக்கிற போனஸ் எல்லாம் வீண் செலவு.

வலை எதுவரை விரிகிறது

ஒரு நகரத்தில் ஆயிரம் டிரைவர் இருப்பதால் அடுத்த நகரத்துப் பயணிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. விமான நிலையத்தில் இறங்கி ஆப்பைத் திறக்கிற வெளியூர்ப் பயணிகளைத் தவிர்த்தால், ஒவ்வொரு நகரமும் தனித்தனி வலை. வெளியூர்க்காரர்களுக்கு வீட்டு அறைகளை வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி-யில் நிலைமை தலைகீழ். அங்கே அறை ஒரு நகரத்தில், தங்க வருகிறவர் வேறு எங்கோ. ஒரே ஊரில் மட்டும் போட்டி ஆப் தொடங்குகிறவர் அந்த ஊருக்கு வரப்போகும் பயணிகளை உலகம் முழுக்கத் தேடிப் பிடிக்க வேண்டும். உள்ளூரில் விளம்பரம் செய்து பயனில்லை. உள்ளூர்க்காரருக்கு அறை எதற்கு?

ஊபர் இதை மிக அதிக விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. சீனாவில் வருடத்துக்கு 100 கோடி டாலர் நஷ்டம் ஆகிறது என்று அதன் அன்றைய தலைமை அதிகாரியே 2016 தொடக்கத்தில் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் சீனத் தொழிலை அங்கே தன் போட்டியாளரான டீடியிடம் ஒப்படைத்துவிட்டுப் பங்கு வாங்கிக்கொண்டு வெளியேறியது. 2018 மார்ச்சில் தென்கிழக்கு ஆசியத் தொழிலையும் கிராப் நிறுவனத்துக்குக் கொடுத்து, பதிலுக்கு 27.5 சதவீதப் பங்கு வாங்கியது. மற்ற கண்டங்களில் சேர்த்த டிரைவர்களும் பயணிகளும் இந்த இரண்டு சண்டையிலும் ஒரு துளி உதவவில்லை. பணம் எல்லை தாண்டிப் போனது, வலை போகவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு இது நல்ல செய்தி. ஃபேஸ்புக் 2004 பிப்ரவரியில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் திறந்தது. அந்தப் பல்கலைக்கழக மின்னஞ்சல் இல்லாதவர் உள்ளே வர முடியாது. ஒருவரையொருவர் ஏற்கெனவே தெரிந்த சில ஆயிரம் பேருக்குள் அது நிரம்பியது. அந்தக் கூட்டத்துக்குள் மைஸ்பேஸின் பெரிய கூட்டம் கணக்கிலேயே இல்லை. நீங்கள் தொடங்கும்போது 'நகரம்' என்ற அளவை மறந்துவிடுங்கள். ஒரு வட்டாரம், ஒரு நேரம் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டமாக வையுங்கள். மூன்று கிலோமீட்டர் சுற்றுவட்டாரம், மாலை 6 முதல் 9 வரை. அந்தக் கட்டத்தில் தேடி வந்த 100 பேரில் எத்தனை பேருக்குக் காரியம் முடிந்தது என்று மட்டும் பாருங்கள். போனஸை நிறுத்தி இரண்டு வாரம் ஆன பிறகும் அந்த எண் இறங்காமல் நின்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

இங்கே எல்லோரும் சறுக்குகிற இடம் சராசரி. நகரம் முழுக்க 80 சதவீதம் பேருக்கு வண்டி கிடைக்கிறது என்று அறிக்கை வரும். உள்ளே பிரித்துப் பார்த்தால் நடுப்பகுதியில் 95, ஓரத்தில் 40 என்று இருக்கும். ஓரத்தில் ஆப்பைத் திறந்து இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாவது முறை திறக்கமாட்டார். திறக்காதவர் அடுத்த மாத அறிக்கையில் தேடலாகவே பதிவாகமாட்டார் என்பதால் அந்த 40 தானாகவே 50 ஆகத் தெரியும். முன்னேற்றம் என்று நினைத்துக் கொண்டாடுவார்கள். உண்மையில் நடந்தது, ஏமாந்தவர்கள் போய்விட்டார்கள்.

பேச விட்டவர்களும் விடாதவர்களும்

இந்த விஷயத்தில் என் எண்ணத்தைத் திருப்பிப் போட்டது அமெரிக்க ஏலத் தளமான ஈபே சீனாவில் தோற்ற கதை. இதைப் பலர் பல விதமாகச் சொல்வார்கள். 2002-இல் ஈச்நெட் என்ற சீன ஏலத் தளத்தில் மூன்றில் ஒரு பங்கை ஈபே வாங்கியது, 2003-இல் மீதியையும் வாங்கியது. சீன இணைய வியாபாரத்தில் அப்போது அதுதான் பெரிய தளம். 2003 மே மாதம் சீன நிறுவனமான அலிபாபா, தாவோபாவோ என்ற போட்டித் தளத்தைத் தொடங்கியது. மூன்றரை வருடத்தில், 2006 டிசம்பரில், ஈபே தன் சீனத் தொழிலை டாம் ஆன்லைன் என்ற உள்ளூர் நிறுவனத்துடனான கூட்டு முயற்சிக்குள் தள்ளிவிட்டு ஒதுங்கியது. தாவோபாவோ இலவசம், ஈபே கட்டணம் வாங்கியது, அதனால் தோற்றது என்பது வழக்கமான விளக்கம். அது சரிதான். ஆனால் அந்தக் கட்டணம் இன்னொரு வேலையையும் செய்தது. அதைப் பற்றித்தான் அதிகம் பேசவேண்டும் என்று நினைக்கிறேன்.

ஈபேயின் வருமானம், பொருளைப் பட்டியலிடுவதற்கும் விற்றுமுடிந்ததற்கும் வாங்கும் கட்டணம். வாங்குகிறவரும் விற்கிறவரும் முன்கூட்டியே போன் நம்பரைப் பரிமாறிக்கொண்டால் வியாபாரம் வெளியே முடிந்துவிடும், கட்டணம் போய்விடும். ஆகவே இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்வதை அது ஊக்குவிக்க முடியாது. ஆனால் முகம் தெரியாதவரிடம் பணத்தை முன்னால் அனுப்பிவிட்டுப் பொருளுக்குக் காத்திருக்கச் சொன்னால், நாலு கேள்வி கேட்காமல் யார் அனுப்புவார்கள்? 'தையல் பிரிந்திருக்கிறதா, உள்பக்கம் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், விலை கொஞ்சம் குறையுமா' என்று பேசித்தான் நம்பிக்கை வரும். தாவோபாவோ கட்டணமே வாங்காததால் அவர்கள் பேசுவதைக் கண்டு அது பயப்படவில்லை. வாங்வாங் என்ற அரட்டைப் பெட்டியைத் தளத்துக்குள்ளேயே வைத்தது. பொருள் கைக்கு வந்து சேர்ந்ததை வாங்கியவர் உறுதிசெய்யும்வரை பணத்தைப் பிடித்து வைத்திருக்கும் அலிபே-யை அதோடு சேர்த்தது. பேச ஒரு இடம், பணத்துக்கு ஒரு காவல். இரண்டும் சேர்ந்தபோது, வெளியே போக வசதி இருந்தும் யாரும் போகவேண்டிய தேவை இல்லாமல் போனது. வருமானத்துக்குப் பிற்பாடு விற்பனையாளர்களிடம் தேடல் விளம்பரத்தை விற்றார்கள். விளம்பரத்துக்குப் பணம் கொடுத்துவிட்ட விற்பனையாளர் பேரத்தை எங்கே முடித்தால் தளத்துக்கு என்ன?

ஈபே அந்த அரட்டைப் பெட்டியைப் பார்த்துச் செய்துவிட முடியாதா என்றால், தொழில்நுட்பத்தில் முடியும். 2005-இல் 260 கோடி டாலர் கொடுத்து, இணையத்தில் பேச உதவும் ஸ்கைப்பையே வாங்கினார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் பேசிக்கொள்ள உதவும் என்பதையே காரணமாகவும் அறிவித்தார்கள். கையில் கருவி வந்தது. ஆனால் எதற்குக் காசு வாங்குகிறோம் என்பது மாறாதவரை அந்தக் கருவியை முழுசாகத் திறந்துவிடுவது, உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுவது. 2009-இல் ஸ்கைப்பின் பெரும்பகுதியை விற்றுவிட்டார்கள்.

இந்தக் கதைக்குப் பிறகு எந்தத் தளத்தைப் பார்த்தாலும் முதலில் நான் தேடுவது ஒன்றுதான். இவர்கள் எதற்குக் காசு வாங்குகிறார்கள், அதனால் எதைத் தடை செய்தாக வேண்டியிருக்கிறது? அந்தத் தடை வாடிக்கையாளருக்கு உண்மையாகவே தேவைப்படும் ஒன்றின்மேல் விழுந்தால், எதிராளி நுழைய வேண்டிய வாசல் அதுதான். போன் நம்பரை அழிக்கும் மென்பொருளை எவ்வளவு புத்திசாலித்தனமாக எழுதினாலும், 'ஒன்பது எட்டு நாலு' என்று எழுத்தில் எழுதி அனுப்புவார்கள். படமாக எடுத்து அனுப்புவார்கள். முதல் சந்திப்பில் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள்.

52 வாரக் கணக்கு

யார் உங்கள் தளத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே பேசி முடித்துக்கொள்வார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட முடியும். வாரம் ஒருமுறை வீடு சுத்தம் செய்ய ஒருவர் வருகிறார், தளத்தின் கமிஷன் 20 சதவீதம் என்று வையுங்கள். வருடத்துக்கு 52 முறை. கமிஷனைக் கூட்டினால் பத்து வாரக் கூலிக்கும் அதிகம். அதே ஆள், அதே வீடு, சாவி எங்கே என்றுகூடத் தெரியும். நாலாவது வாரத்தில் தளம் அந்த இருவருக்கும் செய்து கொடுக்கும் வேலை என்ன? நினைவூட்டல் மெசேஜும் பணம் மாற்றுவதும். அதற்குப் பத்து வாரக் கூலியை யாரும் தரமாட்டார்கள். வீடு சுத்தம் செய்யும் ஆட்களைச் சேர்த்துவிட்ட ஹோம்ஜாய் 2015 ஜூலையில் மூடப்பட்டபோது, வேலை செய்கிறவர்கள் ஊழியர்களா, தனி ஒப்பந்தக்காரர்களா என்ற வழக்குகள் வெளிப்படையான காரணமாக இருந்தன. ஆழமான டிஸ்கவுண்டில் வந்தவர்கள் திரும்பி வராததும், திரும்ப வேண்டும் என்று நினைத்தவர்கள் தளத்துக்கு வெளியே பேசி முடித்துக்கொண்டதும் கூடவே இருந்தன.

கார் சவாரியில் இந்தக் கசிவு கிட்டத்தட்ட இல்லை, ஏனென்றால் நாளைக்கு வருபவர் வேறு டிரைவர். ஆக, அதே இருவர் மறுபடி சந்திக்கும் தடவையைக் கமிஷனால் பெருக்குங்கள். அந்தத் தொகை, தளம் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செய்துகொடுக்கும் உதவியைவிட அதிகமாக இருந்தால் கசியும். விதிமுறையில் எத்தனை தடை எழுதினாலும் கசியும்.

இதற்கு நேர்மையான தீர்வு கட்டணத்தின் வடிவத்தை மாற்றுவது. ஃப்ரீலான்ஸ் வேலை செய்கிறவர்களையும் வேலை கொடுப்பவர்களையும் சேர்த்துவைக்கும் அப்வொர்க் 2016-இல் செய்ததை நல்ல உதாரணமாகச் சொல்வேன். ஒரே வாடிக்கையாளரிடம் முதல் 500 டாலர்வரை 20 சதவீதம், அதற்குமேல் 10,000 டாலர்வரை 10, அதையும் தாண்டினால் 5. அறிமுகம் செய்து வைப்பதுதான் தளத்தின் பெரிய வேலை, அதற்கு ஆரம்பத்தில் அதிகம். உறவு நிலைத்தபின் தளத்தின் வேலை பணப்பட்டுவாடாவும் தகராறு வந்தால் தீர்ப்பதும், அதற்குக் குறைவு. ஆனால் இதிலும் ஒரு விலை உண்டு. சின்னச் சின்ன வேலையாகப் பலரிடம் செய்கிறவர்கள் எப்போதும் 20 சதவீதத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். 2023-இல் எல்லோருக்கும் ஒரே 10 சதவீதம் என்று மாற்றினார்கள். வாடிக்கையாளரோடு ஏற்படுத்தித் தரும் தொடர்பு ஒவ்வொன்றுக்கும் வேலை செய்கிறவரிடம் முன்கூட்டியே ஒரு தொகை வாங்கிவிட்டு, பிறகு என்ன நடந்தாலும் கேட்காத முறையும் உண்டு. வீட்டு வேலைகளுக்கு ஆள் சேர்த்துவிடும் தம்ப்டேக் தளத்தின் முறை அது. அதில் கசிவே இருக்காது. ஆனால் வேலை கிடைக்காமல் போன தொடர்புக்கும் காசு கொடுத்தவர்களின் கோபம் இருக்கும். எந்த வலியைத் தாங்க முடியும் என்று தேர்ந்தெடுப்பதுதான் இங்கே உள்ள சுதந்திரம்.

இரண்டாவது போனைக் கீழே வைக்கச் செய்வது

மறுபடி டிரைவரிடம் வருவோம். அவரை ஒரே ஆப்பில் நிறுத்த முரட்டு வழி, இன்னொன்றில் இருக்கக்கூடாது என்று கட்டாயப்படுத்துவது. அலிபாபா தன் விற்பனையாளர்களிடம் 'இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு' என்று நெருக்கியதற்காக 2021 ஏப்ரலில் சீன அரசின் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு 1,820 கோடி யுவானுக்கு மேல் அபராதம் போட்டது. 2019-ஆம் ஆண்டின் உள்நாட்டு விற்பனையில் அது 4 சதவீதம். சிறுவனாக இருக்கும்போது கட்டாயம் எடுபடாது, பெரியவனான பிறகு சட்டம் விடாது. அதனால் அந்த வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

நடுத்தர வழி தொடர் சவாரி போனஸ். இடையில் மறுக்காமலும் ஆஃப்லைன் போகாமலும் மூன்று சவாரி தொடர்ந்து முடித்தால் இவ்வளவு கூடுதல் என்பது. சவாரிகளின் மொத்த எண்ணிக்கைக்குக் கொடுக்கும் போனஸைவிட இது கூர்மையானது, ஏனென்றால் இது நேராக அந்தக் கட்டைவிரல் இழுப்புக்கு விலை வைக்கிறது. வாரத்துக்கு 60 சவாரி என்று இலக்கு வைத்தால் டிரைவர் திங்கள் முதல் வியாழன்வரை உங்கள் இலக்கை முடித்துவிட்டு, நெரிசல் மிகுந்த வெள்ளி, சனியை எதிராளிக்குக் கொடுப்பார். மொத்த இலக்கு வைக்கிற எல்லோரும் இந்தக் குழியில் விழுகிறார்கள். தொடர் போனஸிலும் கோளாறு வரும். மூன்றாவது அழைப்பு 6 கிலோமீட்டர் தள்ளி வந்தால் டிரைவர் கோபத்தோடு ஏற்றுக்கொண்டு, போகும் வழியில் பயணியே கேன்சல் செய்யட்டும் என்று மெதுவாக ஓட்டுவார். தொடர் போனஸ் கணக்கில் இருக்கும் சவாரிகளுக்கு ஏற்றும் தூரத்தை 2 கிலோமீட்டருக்குள் கட்டுப்படுத்தினால் இந்தக் கோளாறு பெருமளவு அடங்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி மூன்றாவது. போட்டியாளர் இல்லாவிட்டாலும் அந்த ஆளுக்குத் தேவைப்படும் ஒரு வேலையைச் செய்துகொடுத்து, அதன்மேல் உட்காருவது. 1998-இல் தொடங்கிய ஓபன்டேபிள் உணவகங்களுக்கு வாடிக்கையாளர்களை மட்டும் அனுப்பவில்லை. எந்த மேசை எப்போது காலியாகும், யார் வழக்கமாக வருகிறவர் என்று குறித்து வைக்கும் முன்பதிவு ஏட்டையே கணினியில் கொடுத்தது. ஒரு உணவகம் பத்து இடத்தில் விளம்பரம் கொடுக்கலாம். முன்பதிவு ஏடு இரண்டு வைத்தால் ஒரே மேசைக்கு இரண்டு குடும்பம் வந்து நிற்கும். அமேசான் 2006-இல் விற்பனையாளர்களின் சரக்கைத் தன் கிட்டங்கியில் வைத்து அனுப்பிக்கொடுக்கும் சேவையைத் தொடங்கியதும் இதே வகை. வேறு தளத்தில் விற்ற பொருளையும் அதே கிட்டங்கியிலிருந்து அனுப்பித் தருவார்கள், கட்டணம் மட்டும் கூடும். கதவு திறந்தேதான் இருக்கிறது, ஆனால் வெளியே போக ஆகும் செலவை அவர்கள்தான் நிர்ணயிக்கிறார்கள்.

இந்த மூன்றாவது வழியிலும் ஒரு கண் பக்கத்தில் இருக்க வேண்டும். உங்கள் ஆட்கள் எல்லோரும் ஏற்கெனவே வேறொருவரின் வாடிக்கையாளராக இருந்தால், அவர் உங்கள் வேலையையும் தன் பொட்டலத்தில் இலவசமாகச் சேர்த்துவிடலாம். அலுவலக அரட்டையில் முன்னால் நின்ற ஸ்லாக்குக்கு அதுதான் நடந்தது. மைக்ரோசாஃப்ட் 2017-இல் தன் அரட்டை மென்பொருளான டீம்ஸை ஆஃபீஸ் சந்தாவோடு சேர்த்தே கொடுத்தது. 2020-இல் ஸ்லாக் ஐரோப்பிய ஆணையத்தில் புகார் செய்தது. தீர்வு வருவதற்குள் 2021-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்திடம் ஸ்லாக் விற்கப்பட்டுவிட்டது. டீம்ஸைத் தனியாகப் பிரித்து விற்க மைக்ரோசாஃப்ட் முன்வந்தது அதற்கும் பிறகுதான்.

பதிவேட்டில் தெரியும் தடம்

டிரைவர்களில் எத்தனை பேர் இரண்டு போன் வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் மேலே சொன்ன எதையும் செய்யக்கூடாது. அதைத் தெரிந்துகொள்ள எதிராளியின் தகவல் தேவையில்லை, உங்கள் பதிவேடே போதும். ஒருவர் ஓர் இடத்தில் ஆஃப்லைன் போகிறார். 25 நிமிடம் கழித்து 5 கிலோமீட்டர் தள்ளி ஆன்லைன் வருகிறார். ஒருமுறை என்றால் பெட்ரோல் போடப் போயிருக்கலாம், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருக்கலாம். ஒரே நாளில் நாலைந்து முறை இப்படி வந்தால், இடைவெளிகளின் நீளம் உங்கள் சராசரிச் சவாரி நேரத்தை ஒத்திருந்தால், அது எதிராளியின் சவாரி. ஆஃப்லைன் போவதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் உங்கள் ஆப் அவருக்கு அழைப்பு எதுவும் அனுப்பவில்லை என்றால் குறை உங்கள் பக்கம். அழைப்பு அனுப்பி அவர் மறுத்திருந்தால், மறுத்த சவாரியின் தொகையையும் தூரத்தையும் எடுத்துப் பாருங்கள்.

சுத்தம் செய்யும் ஆட்கள், டியூஷன் ஆசிரியர்கள் போன்ற தளங்களில் தடம் வேறு மாதிரி இருக்கும். இருவர் மெசேஜ் பரிமாறிக்கொள்கிறார்கள், ஒருமுறை புக் செய்து முடிக்கிறார்கள், இரண்டாவது புக்கிங் கேன்சல் ஆகிறது, ஆனால் இருவரும் தளத்தில் வேறு ஆட்களோடு தொடர்ந்து இயங்குகிறார்கள். இப்படிப்பட்ட ஜோடிகளின் விகிதத்தை மாதாமாதம் கட்டம் கட்டமாக எடுத்தால் கசிவின் அளவு தெரியும். கமிஷனை ஒரு வட்டாரத்தில் மட்டும் பாதியாக்கி மூன்று மாதம் விட்டுப் பார்த்தால், கசிந்ததில் எவ்வளவு விலையால், எவ்வளவு வசதியால் என்று பிரியும்.

எண்களைப் பார்த்து முடித்தபின், இரண்டு போன் வைத்திருக்கும் இருபது டிரைவர்களை அழைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தால் எதை எடுப்பீர்கள், ஏன்? போனஸ் என்ற பதில் வரும். அதோடு, இந்த ஆப்பில் இறக்கும் இடத்தை ஏற்பதற்கு முன்பே காட்டுகிறார்கள், அதில் பணம் அன்றைக்கே வங்கிக்கு வருகிறது, அதில் புகார் சொன்னால் மனுஷன் ஒருத்தர் போன் எடுக்கிறார் என்ற பதில்களும் வரும். இறக்கும் இடத்தை முன்பே காட்டினால் குறுந்தூரச் சவாரிகளை மறுப்பார்கள் என்ற பயத்தில் பல கம்பெனிகள் அதை மறைத்து வைக்கின்றன. அந்தப் பயம் நியாயமானதுதான். ஒரு கட்டத்தில் மட்டும் திறந்துவிட்டு, குறுந்தூரச் சவாரிக்குக் குறைந்தபட்சக் கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றி, ஆறு வாரம் விட்டுப் பாருங்கள். மறுப்பு எவ்வளவு கூடியது என்பதை ஒரு பத்தியிலும், அந்தக் கட்டத்தில் பட்டப்பகலில் காணாமல் போகும் 25 நிமிட இடைவெளிகள் எவ்வளவு குறைந்தன என்பதை அடுத்த பத்தியிலும் எழுதுங்கள்.